பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு துளை

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, கையை விரிக்கும்போது இழுபடும் அந்த மெல்லிய தோல்மடிப்பில் துளையிட்டு ஒரு சிறு நகை அணிய வேண்டும் என்ற விருப்பம் எனக்கு நெடுங்காலமாக இருந்தது. காதும் மூக்கும் குத்தத் திருகோணமலையில் பத்தர்மார் இருக்கிறார்கள். கையில் குத்திக்கொள்ள நான் கொழும்புக்குப் போனேன். குத்தியது சில நொடி வேலை. அதன் பிறகு அந்தக் கையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எப்படிச் சமைத்தேன், உண்டேன், வேலைக்குப் போனேன் என்பதைத்தான் எழுத விரும்புகிறேன். ஏனென்றால் இணையத்தில் நான் படித்த பராமரிப்புக் குறிப்புகள் பெரும்பாலும் கரண்டியால் உண்பவர்களையும் கடதாசியால் துடைப்பவர்களையும் மனதில் கொண்டு எழுதப்பட்டவை.

எந்தக் கையில் குத்துவது என்பதே முதற் கேள்வி. எழுதாத கையில் குத்தும்படிதான் பொதுவாகச் சொல்வார்கள். நமக்கோ வலக்கை சோறு குழைக்கும் கை; மிளகாய்த் தூளும் புளியும் கறி எண்ணெயும் ஒவ்வொரு வேளையும் அதில் படும், உண்டபின் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். இடக்கை மலசலகூடத்தில் கழுவும் கை. மலத்திலுள்ள கிருமிகள் திறந்த புண்ணுக்குள் போவது கறி எரிவைக் காட்டிலும் பன்மடங்கு ஆபத்தானது. எழுத்து, சமையல், உணவு ஆகிய மூன்றும் வலக்கையிலேயே இருந்ததால் இடக்கையைத் தேர்ந்தேன். ஆனால் புண் ஆறும் காலம் முழுவதும் அதன் பழைய வேலையை வலக்கைக்கு மாற்றி, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, இடக்கைக்கு ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் கையுறை போட்டுக்கொண்டேன். இதை வெளிப்படையாக எழுதுவதில் கூச்சம் இருக்கிறது. என்றாலும் நம்மில் கையில் குத்திக்கொள்ள நினைக்கும் எவரும் எல்லாவற்றுக்கும் முன் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

குத்துபவரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டவை சில உண்டு. ஊசி புதியதாக, உள்ளே துளையுள்ளதாக இருக்க வேண்டும்; காது குத்தும் துப்பாக்கியைக் கையில் பயன்படுத்தவே கூடாது. கருவிகள் அழுத்த நீராவியில் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் போட்டது 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள, சற்று வளைந்த டைட்டேனியக் கம்பி. அம்மா பவுனில் செய்து போடலாம் என்றார். ஆனால் உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டேனியத்தில் ஒவ்வாமை தரும் நிக்கல் இல்லை என்பதாலும், 22 கரட் தங்கம் மிருதுவானதால் கீறல் விழுந்து அந்தக் கீறலில் அழுக்குத் தங்கும் என்பதாலும் நான் உடன்படவில்லை. ஏற்புவலித் (டெட்டனஸ்) தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதையும் முன்னரே பார்த்துக்கொண்டேன்.

எங்கள் கோயில் திருவிழாக்களில் அலகு குத்துவதையும் செடில் காவடியையும் சிறு வயதிலிருந்தே பார்த்தவர்கள் நாங்கள். கன்னத்தில் வேல் ஏற்றியவர்கள் திருநீற்றைப் பூசிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போகிறார்களே, இந்தச் சிறு கம்பிக்கு ஏன் இவ்வளவு கவனம் என்று அயலில் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. அலகும் செடிலும் அன்றைக்கே கழற்றப்படுகின்றன. உடல் செய்ய வேண்டியது அந்தத் துளையை மூடுவது மட்டும். நகை உள்ளேயே இருக்கும்போது துளையை மூட முடியாது. கம்பியைச் சுற்றித் தோல், ஒரு குழாய் போல இரண்டு வாயிலிருந்தும் உள்நோக்கி வளர்ந்து நடுவில் சேர வேண்டும். வெளியே ஆறியது போலத் தெரியும்போதும் உள்ளே பச்சைப் புண்ணாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். காதுச் சோணை பொதுவாக 6 முதல் 8 வாரங்களில் ஆறிவிடும். கை அப்படியில்லை, பல மாதங்கள் எடுக்கும், பல வேளைகளில் ஆறாமலே நகையை வெளியே தள்ளிவிடும். இந்த உண்மையைத் தெரிந்துகொண்டுதான் நான் குத்திக்கொண்டேன்.

அப்பம்மா மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்தார். “காதுக்கு ஆறினது கைக்கு ஆறாதோ, பிள்ளை?” என்று கேட்டார். அவர் கையால் மருந்து போட்டு எங்கள் வீட்டில் எத்தனையோ காதுகள் ஆறியிருக்கின்றன, அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆயினும் எண்ணெய் துளையின் வாயை அடைத்தால் உள்ளிருந்து வடிய வேண்டிய நீர் உள்ளேயே தங்கிவிடும். மஞ்சள் துகளும் கம்பியைச் சுற்றிப் படிந்துவிடும். பாமசியில் வாங்கிய, 0.9 சதவீத உப்புள்ள கிருமி நீக்கிய சேலைனைக் காலையும் மாலையும் ஊற்றி, நனைந்து இளகிய பொருக்கைக் கோஸ் துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் உலர விட்டேன். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் புதிதாக வளரும் தோலையே எரித்துவிடும் என்பதால் இரண்டையும் தொடவில்லை. கம்பியைத் திருகி அசைப்பதும் இல்லை. வெளிர் மஞ்சளாக மெல்லிய நீர் கசிந்து காய்வது இயல்பானது. தடித்த, பச்சை கலந்த, நாற்றமுள்ள சீழ் இயல்பல்ல. கை வீங்கிச் சூடேறினால், விரலை மடக்க முடியாமல் வலித்தால், காய்ச்சல் வந்தால் அல்லது புண்ணிலிருந்து முழங்கையை நோக்கிச் சிவப்புக் கோடு ஏறினால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கையில் தோலுக்கு அடியிலேயே தசைநார்கள் ஓடுவதால் தொற்று விரைவாகப் பரவக்கூடும். அந்த நிலையில் நகையை நாமே கழற்றக்கூடாது. துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளே அடைபட்டுவிடும்.

கை வேலை செய்யும் உறுப்பு. வேலை செய்யாமல் அதை வைத்திருக்க முடியவில்லை என்பதே உண்மையான சிரமம். தேங்காய் திருவும்போது பாதியைப் பிடித்துச் சுழற்றுவது இடக்கை. சிரட்டையின் விளிம்பு சரியாக அந்த மடிப்பில் வந்து அழுத்தும். ஸ்கூட்டரின் கைப்பிடியும் அங்கேதான் உட்காரும். ஆகவே திருவுவதை அம்மாவிடம் விட்டுவிட்டு, வேலைக்குப் பேருந்தில் போனேன். மீன் வெட்டுவதை முற்றாக நிறுத்தினேன். மீனைக் கையாள்பவர்களின் கைப்புண்களில் மைக்கோபக்டீரியம் மரினம் என்ற கிருமி புகுந்து, மெல்ல வளரும் கட்டிகளை உண்டாக்குவதுண்டு. அதற்கு மாதக்கணக்கில் மருந்து எடுக்க நேரிடும். கச்சான் காற்று வீசும் நாட்களில் புழுதியும் வியர்வையும் சேர்ந்துகொண்டபோது, வெளியே போகையில் மட்டும் மெல்லிய துணியால் தளர்வாகச் சுற்றிக்கொண்டேன்.

கடலை விட்டு விலகியிருந்ததுதான் எல்லாவற்றிலும் கடினம். உப்புத் தண்ணீர் புண்ணுக்கு மருந்து என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். கடல் நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம், சேலைனைப் போல நான்கு மடங்கு. அது புதிய தோலை உலர்த்தி வெடிக்கச் செய்யும். அதைவிட முக்கியமாக, வெதுவெதுப்பான கடல் நீரில் விப்ரியோ போன்ற கிருமிகள் வாழ்கின்றன. அவை திறந்த புண் வழியே புகுந்தால், குறிப்பாக ஈரல் நோயோ நீரிழிவோ உள்ளவர்களுக்கு, உயிராபத்துக்கூட நேரலாம். உப்புவெளியில் மற்றவர்கள் குளிக்கும்போது நான் கரையில் இருந்தேன். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போனபோதும், பலர் வாளியிட்டு அள்ளும் கிணறுகள் என்பதால், அந்தக் கையை நனைக்கவில்லை.

இவ்வளவு செய்தும் என் உடல் அந்தக் கம்பியை ஏற்கவில்லை. நன்றாக ஆறி வருவதாக நினைத்திருந்த வேளையில், கம்பியின் இரு முனைகளிலும் உள்ள குமிழ்களுக்கு இடைப்பட்ட தோல் மெலிந்து, அதற்குள் கம்பியின் நிறம் மங்கலாகத் தெரியத் தொடங்கியது. சீழோ வலியோ இல்லை. நகை மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. தோல் கிழியும் வரை காத்திருந்தால் நீளமான தழும்பு விழும் என்பதால் மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கழற்றினேன். அன்று அழுதேன், அந்தச் சிறு நகையை நான் உண்மையாகவே நேசித்தேன்.

இப்போது அங்கே தடித்த தழும்பு இருக்கிறது. நம் போன்ற கரிய தோலில் கீலொயிட் வளரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதைக் கவனித்து வருகிறேன். தழும்பு புண்ணின் எல்லைக்குள் நின்றால் காலப்போக்கில் தணியும், எல்லை தாண்டிப் பரவினால் அது கீலொயிட். என்னுடையது எல்லைக்குள்ளேயே நிற்கிறது, சிலிக்கன் ஜெல் பூசுவதால் மிருதுவாகியும் வருகிறது. தையல் வேலை செய்யும் என் சின்னம்மாவின் மகள் தனக்கும் கையில் குத்த வேண்டும் என்று கேட்கிறாள். நாள் முழுவதும் துணியும் கத்தரிக்கோலும் பிடிக்கும் கைக்கு இது ஏற்றதல்ல, மூக்கில் குத்திக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.