எச்சில் படாத குழாய்

சில ஆண்டுகளுக்கு முன், நெல்லிக்குப்பத்திலிருந்து வயிற்று வலியோடு வந்த ஒருவருக்கு கணையம் சுரக்கும் லைப்பேஸ் என்சைம் 190 என்று எங்கள் லேபில் ரத்தம் சோதிக்கும் அனலைசர் அச்சிட்டுக் கொடுத்தது. எங்கள் முறையில் அது 60ஐத் தாண்டக் கூடாது. மூன்று மடங்கு என்றால் கணைய அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். ரிப்போர்ட் போன அரை மணி நேரத்தில் மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். "ஆளு எதிர்ல உக்காந்து டீயும் பன்னும் சாப்புட்டுட்டு இருக்காரும்மா. இன்னொரு வாட்டி போட்டுப் பாருங்க" என்றார். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான அதே சீரத்தை, வேறு எந்த டெஸ்டும் சேர்க்காமல் தனியாகப் போட்டேன். 38 வந்தது.

காரணத்தைப் பிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. லைப்பேஸுக்கு முன்னால் அதே ஊசி, ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பை அளப்பதற்கான ரீஏஜென்டை, அதாவது சோதனைக் கரைசலை, எடுத்து ஊற்றியிருந்தது. ரத்தத்தில் உள்ள கொழுப்பை வெட்டுவதற்காக அந்த ரீஏஜென்டிலேயே நுண்ணுயிரிகளிடமிருந்து எடுத்த லைப்பேஸ் என்சைமைக் கலந்திருப்பார்கள். ஊசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த அந்தத் துளி அடுத்த கிண்ணத்தில் இறங்கியது. இயந்திரம் அதையும் சேர்த்து அளந்து, நோயாளியின் கணக்கில் எழுதிவிட்டது. இரண்டு டெஸ்டுகளின் வரிசையை மாற்றி, நடுவில் ஒரு கூடுதல் கழுவலையும் வைத்த பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. இதற்குத் தொழிலில் கேரி ஓவர் என்று பெயர். வீட்டில் நாம் எச்சில் என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

ஆட்டோ அனலைசர் என்றாலே எல்லோரும் வேகத்தைப் பேசுகிறார்கள். மணிக்கு நானூறு டெஸ்ட், எண்ணூறு டெஸ்ட் என்பதைத் தவிர விற்பனைப் பிரதிநிதிகளும் வேறு எதையும் சொல்வதில்லை. கடலூரில் முப்பது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்யும் எனக்கு, இந்த இயந்திரங்களைக் கண்டுபிடித்தவர்கள் உண்மையில் மல்லுக்கட்டியது எச்சிலோடுதான் என்று தோன்றுகிறது.

நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய லேபில் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் கைவேலை. சர்க்கரைக்கு ஆர்த்தோ டொலுயிடின் முறை; கொதிக்கும் தண்ணீரில் குழாய்களை வைத்து எடுத்தால் பச்சை நிறம் வரும், கிளேசியல் அசிட்டிக் அமிலத்தின் நெடி சேலையை விட்டுப் போகவே போகாது. யூரியாவுக்கு இளஞ்சிவப்பு, கிரியேட்டினினுக்கு ஆரஞ்சு. ஒவ்வொன்றையும் நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டரில் வைத்து முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். இதற்கெல்லாம் ஆன நேரத்தைவிடக் குழாய் கழுவ ஆன நேரம் அதிகம். பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் கலந்த குரோமிக் அமிலத்தில் இரவு முழுவதும் ஊற வைத்து, காலையில் குழாய்த் தண்ணீரிலும் பிறகு வாலைவடிநீரிலும் அலசுவோம். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த அக்கா, அலசிய குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். கண்ணாடியின் மேல் தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இருக்கிறது என்று பொருள். அப்போது அவர் கேட்பது ஒரே கேள்வி: "கழுவுனியா, நனைச்சியா?"

இந்த வேலையை முதலில் இயந்திரத்துக்கு மாற்றியவர் லியனார்ட் ஸ்கெக்ஸ். அமெரிக்காவின் கிளீவ்லாண்டில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த உயிர்வேதியியலாளர். அவருடைய முறை 1957ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளிவந்தது. டெக்னிகான் நிறுவனம் அதை ஆட்டோ அனலைசர் என்ற பெயரில் விற்றது. நாங்கள் இன்று எல்லா இயந்திரத்துக்கும் பொதுவாகச் சொல்லும் பெயர், முதலில் அந்த ஒரு பொருளின் பெயர்தான்.

ஸ்கெக்ஸ் குழாய் கழுவும் இயந்திரம் ஒன்றைச் செய்யவில்லை; தனித்தனிக் குழாய்களையே இல்லாமல் செய்துவிட்டார். ஒரே நீண்ட மெல்லிய குழாயில் ஒருவருடைய ரத்தத்துக்குப் பின்னால் இன்னொருவருடைய ரத்தம் வரிசையாக ஓடிக் கொண்டிருக்கும். ஆனால் வாய்க்காலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுத்தண்ணீர் முந்திப் போகும், கரையோரத் தண்ணீர் பின்தங்கும். குழாயிலும் அப்படித்தான்: முன்னால் போனவருடையது சுவரோரம் பின்தங்கி, பின்னால் வருபவருடையதோடு கலந்துவிடும். அதைத் தடுக்க அவர் ஓட்டத்துக்கு நடுநடுவே காற்றுக் குமிழிகளை விட்டார். குழாயை அடைத்துக் கொண்டு நகரும் ஒவ்வொரு குமிழியும் சுவரைத் துடைத்துக் கொண்டே போகிறது. முன்துண்டையும் பின்துண்டையும் பிரிக்கிறது. நடுவில் அகப்பட்ட திரவம் தனக்குள்ளேயே சுழன்று நன்றாகக் கலக்கிறது. செலவில்லாத காற்று, ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்த்தது. அந்தக் குமிழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் பொறாமையாக இருக்கிறது.

அளப்பதற்கும் அவர், திரவத்தை உறிஞ்சி அளந்து விடும் பிப்பெட்டை நம்பவில்லை. சீரம், ரீஏஜென்ட், காற்று ஆகியவற்றின் வளையும் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, உருளைகளால் ஒன்றாக அழுத்தித் தள்ளினார். எந்தக் குழாயின் துளை பெரியதோ அதில் அதிகம் போகும், அவ்வளவுதான் கணக்கு. நிறம் முழுமையாக வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை, ஏனென்றால் அளவு தெரிந்த ஸ்டாண்டர்டும் நோயாளியின் சீரமும் ஒரே பாதையில் ஒரே நேரம் பயணம் செய்கின்றன. புரதத்தைப் பிரித்தெடுக்க வழியில் ஒரு சவ்வு உண்டு. 1948லேயே செயற்கைச் சிறுநீரகம் ஒன்றைச் செய்து பார்த்தவர் அவர் என்பதால், டயாலிசிஸ் சவ்வு அவர் கைக்குப் பழகியது. (ரத்த அழுத்தத்துக்கு இன்று பலரும் சாப்பிடும் மாத்திரைகளில் ஒரு வகை எந்த என்சைமைத் தடுக்கிறதோ, அந்த என்சைமைக் கண்டறிந்ததும் அவருடைய குழுதான்.)

அதே 1957ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மார்புர்க் நகரில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் என்பவர், வாயால் உறிஞ்சும் பிப்பெட்டின் மேல் வெறுப்புற்று, வில்சுருளும் உந்துதண்டும் வைத்த மைக்ரோபிப்பெட்டை உருவாக்கினார். திரவம் நுனியில் மாட்டிய டிப்பைத் தாண்டி மேலே வராது; வேலை முடிந்ததும் டிப்பைக் கழற்றி எறிந்துவிடலாம். ஸ்கெக்ஸினுடையது தட்டைத் துலக்கி அடுத்த பந்திக்கு வைக்கும் வழி என்றால், ஷ்னிட்கருடையது வாழை இலையை மடித்து எறியும் வழி.

பின்னால் வந்த அனலைசர்கள் மறுபடியும் தனித்தனிக் கிண்ணங்களுக்கே திரும்பின. எங்கள் இயந்திரமும் தட்டு துலக்கும் சாதிதான். சீரத்தின் மட்டத்தை மின்சார மாற்றத்தால் உணர்ந்து, ஊசி தன் நுனியை மட்டுமே தோய்க்கும். நம் வீடுகளில் அண்ணாந்து தண்ணீர் குடிப்பதற்கு அது எவ்வளவோ நெருக்கம். பிறகு ஊசி உள்ளும் புறமும் கழுவப்படும். குவெட் என்னும் சிறு கிண்ணங்கள் சோப்புக் கரைசலிலும் தண்ணீரிலும் பலமுறை அலசப்பட்டு, உறிஞ்சி உலர்த்தப்பட்டு, கடைசியில் வெறும் தண்ணீரை நிரப்பி ஒளி பாய்ச்சிப் பார்க்கப்படும். ஒளி தடைபடுவது அளவு மீறினால் அந்தக் குவெட்டை இயந்திரம் ஒதுக்கிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் அக்கா பார்த்த அதே பார்வை!

ஆக, எல்லாம் தண்ணீரில் வந்து நிற்கிறது. கடலோரத் தெருக்களில் போர்த் தண்ணீர் கரிக்கும். அதை ஆர்ஓவில் வடிகட்டி, அயனி நீக்கும் ரெசினிலும் செலுத்தித்தான் இயந்திரத்துக்குக் கொடுக்கிறோம். ஒரு கோடையில் ரெசின் தீர்ந்ததை நான் கவனிக்கத் தவறியதால், அன்று வந்த அத்தனை பேருக்கும் கால்சியம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. விளம்பரங்களில் வருவதைப் போல எல்லோருடைய எலும்பும் ஒரே நாளில் உறுதியாகாது என்று உறைத்த பிறகுதான் தண்ணீரைச் சோதித்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது மின்சாரம் பல நாள் வரவில்லை. ஜெனரேட்டரில் பிரிட்ஜையும் ஒரு சிறிய செமி ஆட்டோ கருவியையும் மட்டும் ஓட்டிக் கொண்டு, பெரிய இயந்திரத்தைத் துணி போட்டு மூடிவிட்டு, பழையபடி குழாய் கழுவினோம். அந்த நாட்களில், 1970களின் இறுதியில் கோடாக் நிறுவனம் போட்டோ பிலிம் பூசும் நுட்பத்தைக் கொண்டு, ரீஏஜென்டுகளைப் படலமாகப் பூசிச் செய்த உலர் ஸ்லைடு முறையை நினைத்து ஏங்கியிருக்கிறேன். அதற்குக் கழுவத் தண்ணீரே வேண்டாம். விலைதான் நமக்கு எட்டாது.

எச்சிலை அளக்க ஒரு எளிய வழி உண்டு. சர்க்கரை 400 உள்ள சீரத்தை மூன்று முறையும், உடனே 80 உள்ளதை மூன்று முறையும் போட வேண்டும். குறைந்ததன் முதல் அளவு 82 என்றும் மூன்றாவது 80 என்றும் வந்தால், கூடுதலாக வந்த 2ஐ, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 320ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.6 சதவீதம். சர்க்கரைக்கு இது யாரையும் கெடுக்காது. ஆனால் கர்ப்பத்தைக் காட்டும் எச்சிஜி ஒரு கர்ப்பிணிக்கு இரண்டு லட்சம் வரை போகும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஊசியில் ஒட்டினாலும், அடுத்து வருபவருக்கு 200 காட்டும். ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டிய கல்லூரிப் பெண்ணின் ரிப்போர்ட்டில் 200 என்று எழுதினால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? ஹார்மோன் டெஸ்டுகளுக்கான இயந்திரங்கள் பலவற்றில் ஆளுக்கு ஒரு டிப்பை மாட்டி எறியும் ஏற்பாட்டை வைத்திருப்பது இதனால்தான். அங்கே வாழை இலை வென்றுவிட்டது.

எங்கள் இயந்திரம் இரவில் அணைவதற்கு முன் தன்னைத் தானே கழுவிக் கொள்ளும். ஊசிகள் தொட்டிக்குப் போய் வரும், குவெட் வட்டம் ஒவ்வொரு கிண்ணமாக நகரும், திரையில் நிமிடங்கள் குறையும். புதிதாகச் சேர்ந்த பெண் பையை மாட்டிக் கொண்டு, "பட்டனை அமுக்கிட்டுப் போயிடலாமாக்கா?" என்று தினமும் கேட்கிறாள். பண்ருட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று அவளை அனுப்பிவிட்டு, கடைசிக் குவெட் திரும்பி வரும் வரை நான் உட்கார்ந்திருக்கிறேன்.