மாமியின் முகம் எங்கே பார்த்தது

6 ஒக்ரோபர் 2024, ஞாயிறு

எட்டாவது பிக் பாஸ் தொடங்கிட்டுது. ஏழு சீசன் கமல் நடத்தினார், இந்த முறை விஜய் சேதுபதி. எங்கட வீட்டு டிஷ்தான் இந்த ஒழுங்கையில் ஒழுங்காய் இழுக்கிறது. அதனால் பக்கத்து வீட்டு மாமி, சித்தி, சித்தியின்ர பெடியன் எல்லாரும் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டார்கள்.

பிக் பாஸ் வீட்டுக்கு நடுவில் கோடு. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். 24 மணித்தியாலத்துக்குள் ஒருத்தர் வெளியே போகவேண்டுமாம்.

"சண்டை வரப்போகுது" என்றா மாமி.

வரும் மாமி. கோடு கீறினதே அதுக்குத்தான்.

நான் கிளிநொச்சி ரவுணில் ஒரு ஸ்ரூடியோவில் கலியாண வீடு, சாமத்திய வீட்டு வீடியோக்களுக்கு எடிற்றிங் செய்கிறவள். இவர்கள் யார் நல்லவன், யார் நடிக்கிறான் என்று பார்க்க, என் கண் எங்கே வெட்டியிருக்கிறது என்றுதான் போகும். "உனக்கு ஒண்டையும் நிம்மதியாப் பாக்கத் தெரியாது" என்று சித்தி ஏசுவா.

9 ஒக்ரோபர், புதன்

உள்ளே இருப்பவர்களிடம் ஃபோன் இல்லை, பேப்பர் இல்லை, மணிக்கூடு இல்லை. சேர்ந்து இருப்பதும் ஆளையாள் கதைப்பதும்தான் வேலை. ஒரு நாள் முழுக்கக் கமரா ஓடும், எங்களுக்கு வருவது ஒரு மணித்தியாலமளவு. விளம்பரத்தைக் கழித்தால் அதுவும் இல்லை. மிச்சமெல்லாம் எங்கே போகிறது? வெங்காயம் உரித்தது, படுத்தது, சும்மா கூரையைப் பார்த்தது, ஒருத்தருக்கொருத்தர் தேத்தண்ணி ஊற்றிக் குடுத்தது. அந்தத் தேத்தண்ணி வெட்டுப்பட்டால், பின்னேரம் வந்த வாக்குவாதம் வருசக்கணக்கான பகை மாதிரித் தெரியும்.

இது புதுசும் இல்லை. 1973 இல் அமெரிக்காவில் 'ஆன் அமெரிக்கன் ஃபமிலி' என்று ஒரு குடும்பத்தை மாதக்கணக்காய்ப் படம் பிடித்து ஒளிபரப்பினார்கள். எடுத்தது 300 மணித்தியாலமளவு, காட்டியது 12. தங்களின் நல்ல நேரங்களை விட்டுவிட்டுக் கெட்டதையே காட்டினார்கள் என்று அந்தக் குடும்பம் பிறகு குறைப்பட்டது.

இந்தத் தொழிலில் கதைக்கென்றே தனி ஆட்கள் உண்டு. யார் யாரிடம் எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்று குறித்து, இன்றைக்கு யாருடைய கதை என்று பிரித்து, அதன் பிறகே எடிற்றரிடம் வரும். 2006 இல் 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டொப் மொடல்' நிகழ்ச்சியில் இப்படி வேலை செய்த 12 பேர் தங்களையும் எழுத்தாளராக ஏற்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். ஸ்கிரிப்டே இல்லை என்று விற்கிற நிகழ்ச்சிக்கு எழுத்தாளர்கள்!

13 ஒக்ரோபர், ஞாயிறு

முதல் நாளே அழவைத்து வெளியே அனுப்பின பிள்ளை அதே கிழமைக்குள் திரும்ப வந்துவிட்டா. மாமிக்குச் சந்தோசம். அனுப்பினதும் ஒரு எபிசோட், வந்ததும் ஒரு எபிசோட்.

இன்றைக்குச் சித்தியோடு வாக்குவாதம், குறும்படத்தைப் பற்றி. வீட்டுக்குள் ஆர் என்ன சொன்னது என்று பதிவிலிருந்து வெட்டிப் போட்டுக் காட்டுகிற துண்டு அது. 2017 இல் முதல் சீசனில் போட்டியாளர்கள் ஜூலி, ஓவியா பிரச்சினைக்குக் கமல் போட்டுக் காட்டினாரே, அதிலிருந்து எங்கட சனத்துக்குக் குறும்படம் என்றால் சத்தியக் கடதாசி. சந்தியில் ரெண்டு பேர் கொழுவினாலும் "குறும்படம் போடுங்கோ" என்கிறார்கள்.

"வீடியோ பொய் சொல்லுமோடி?" என்று சித்தி.

"சொல்லாது சித்தி. ஆனா குறும்படத்தை வெட்டினதும் எபிசோட்டை வெட்டின அதே எடிற்றிங் மேசைதானே. அதுக்கு முன்னால ரெண்டு நிமிசம் என்ன நடந்தது எண்டு நீங்கள் பாத்தனீங்களோ?"

குறும்படம் எல்லாம் கள்ளம் என்று நான் சொல்ல வரவில்லை. குற்றம் சாட்டுகிற எபிசோட்டும் தீர்ப்புச் சொல்லுகிற படமும் ஒரே கையால் வருகிறது என்பதைத்தான் சொல்கிறேன். சித்தி பாதியில் எழும்பிப் போட்டா.

17 ஒக்ரோபர், வியாழன், போயா

லீவு. வாயால் சொல்லி வேலையில்லை என்று லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன்.

மாமியின்ர சொந்தத்தில் ஒரு கலியாணம், எடிற் நான்தான் செய்தது. அதில் மாமி முகம் சுழித்துக்கொண்டு நிற்கிற நாலு செக்கன் துண்டு ஒன்று இருக்கு. மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேற்றர் புகை அடித்தது, அதைப் பார்த்துத்தான். அந்தத் துண்டைத் தூக்கித் தாலி கட்டுக்கு நடுவில் வைத்தேன். மாப்பிள்ளையின் கை, மாமியின் முகம், பொம்பிளை குனிந்த தலையோடு. கெட்டிமேளத்தைக் குறைத்து, அடியில் ஒரு ஊ என்ற சத்தம் மட்டும்.

ஓடவிட்டேன். ஒருத்தரும் கதைக்கவில்லை.

"அக்கா, நீங்கள் ஏன் அப்பிடிப் பாத்தனீங்கள்?" சித்திதான் கேட்டா.

"புகையடி! நான் புகையையெல்லோ பாத்தனான்!"

திரும்பப் போடச் சொன்னா மாமி. ரெண்டாந்தரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா. பிறகு மெல்லமாய், "ஆனா பாக்கேக்க எனக்குக் கோபம் மாதிரித்தான் கிடக்கு" என்றா.

இதை ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் நூறு வருசத்துக்கு முந்தியே செய்துபார்த்துவிட்டார். ஒரே முகத்தை சூப் கோப்பைக்குப் பக்கத்தில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில், பெண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டினார். சனம் பசி, துக்கம், ஆசை என்று தாங்களாகவே வாசித்தது.

குரலில் செய்வது இன்னும் லேசு. திங்கள் சொன்ன பாதி வசனத்தோடு வியாழன் சொன்ன பாதியை ஒட்டலாம். 'ஃபிராங்கன்பைட்' என்று தொழிலில் அதுக்குப் பெயரே இருக்கு. பெடியனுக்குச் சொல்லிக் குடுத்தேன்: ஒருத்தர் வசனத்தைத் தொடங்கி, நடுவில் வாய் தெரியாமல் வேறு ஆளின் முகத்துக்குப் போய், முடியும்போது திரும்பினால் காதைக் கூர்மையாக்கு. மூச்சு இடறும், பின்னால் இருக்கிற இரைச்சல் மாறும். இப்போது அவன் ஒவ்வொரு ஐந்து நிமிசத்துக்கும் "அக்கா, ஒட்டு!" என்று கத்துகிறான். பாதி சரி.

22 ஒக்ரோபர், செவ்வாய்

மழை. கரண்ட் இல்லை. சித்தி ஃபோனில் ப்ரோமோ மட்டும் பார்த்துவிட்டு முழு எபிசோட்டுக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டா.

26 ஒக்ரோபர், சனி

2019 இன் மூன்றாம் சீசனைப் பற்றிக் கதை வந்தது. அதில் போட்டியாளராய் இருந்த லொஸ்லியா கிளிநொச்சியில் பிறந்த பிள்ளை என்று இந்தப் பக்கம் வீடு வீடாய்ப் பார்த்தது. 'ஃப்ரீஸ்' டாஸ்க்கில் சிலைபோல நிற்கச் சொல்லிவிட்டு வீட்டாக்களை உள்ளே விடுவார்கள். கனடாவில் இருந்த தகப்பன் வருசக்கணக்குக்குப் பிறகு மகளைப் பார்க்க அப்படி வந்தார். அந்தச் சந்திப்பு கமராவுக்கு முன்னால்தான் நடந்தது. அழுகை பொய்யில்லை, அது எங்கே, எப்போது வரவேண்டும் என்றதைத்தான் ஆட்கள் இருந்து திட்டமிட்டார்கள். மாமி அன்றைக்கு அழுதவ. இன்றைக்குச் சொல்லும்போதும் குரல் தளுதளுத்தது.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கிக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராடிக்கொண்டிருக்கினம். ஒரு வெளிநாட்டுக் குழுவுக்குக் கமரா பிடிக்கப் போன ஸ்ரூடியோ அண்ணா சொன்னது. ஒரு அம்மா ஷொப்பிங் பேக்கில் சுற்றிய ஃபைலை விரித்து, எந்தத் திகதியில் எந்தக் கந்தோருக்குப் போனா, ஆர் என்ன சொல்லி அனுப்பினது என்று ஒவ்வொரு கடதாசியாய்க் காட்டிக் கதைத்தவ. கடைசியில் வெளியே வந்தது அவ கண் துடைக்கிற இடம் மட்டும். கண்ணீருக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை, கடதாசிக்குத் தேவை. அதைப் போட்டால் படம் நீண்டுபோகும்.

நான் இருந்தாலும் அந்தக் கண்ணீரை வெட்டியிருக்க மாட்டேன். ஃபைலையும் வெட்டியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

3 நவம்பர், ஞாயிறு

தீபாவளியும் முடிந்தது. 14 ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல், ஸ்ரூடியோவில் பிரசார வீடியோக்கள் குவிந்து கிடக்கு. முப்பது கதிரையைக் கிட்ட நின்று எடுத்தால் மாநாடு.

அதுக்குள் லண்டனிலிருந்து ஒரு அக்காவின்ர வட்ஸ்அப். போன மாசத்துக் கலியாண வீடியோவில் சித்தப்பா வருகிற இடமெல்லாம் எடுக்கவேணுமாம், காணிப் பிரச்சினை. பொம்பிளைக்குத் தகப்பன் இல்லை, தாரை வார்த்ததே அந்தச் சித்தப்பாதான். "அதை எடுத்தால் கலியாணமே நடக்காது அக்கா" என்று வொய்ஸ் போட்டேன்.

"அப்ப கையை மட்டும் காட்டுங்கோ தங்கச்சி."

கிட்டவாக்கி, கைகளும் தண்ணியும் மட்டும் தெரிய ஒழுங்கு பண்ணி அனுப்பினேன். வடிவாய்த்தான் இருந்தது. பத்து நிமிசத்தில் பதில். மோதிரத்தைப் பார்த்தால் ஆர் என்று எல்லாருக்கும் விளங்குமாம், அதுக்கு மேல் ஒரு பூ விழுகிற மாதிரிச் செய்யலாமோ என்று கேட்கிறா.

செய்யலாம், மேலதிகமாய் ஐயாயிரம் என்று போட்டுவிட்டேன்.