லட்சியங்கள் திருத்தத்திற்கு உட்பட்டவை

1998ஆம் ஆண்டு மார்ச் மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய எங்கள் வகுப்பில் 46 பேர் இருந்தோம். அவர்களில் 45 பேருக்கு லட்சியம் இருந்தது. மீதமிருந்த ஒருவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஏனெனில் மற்ற 45 பேரின் லட்சியத்திலும் அவனுக்கு ஒரு பங்கு இருந்தது.

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருந்த அரசு உதவி பெறும் பள்ளி அது. கணக்கும் உயிரியலும் சேர்ந்த ‘ஃபர்ஸ்ட் குரூப்’பில் எங்களைச் சேர்த்த பெற்றோர் அனைவரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: இதில் படித்தால் டாக்டருக்கும் போகலாம், எஞ்சினியருக்கும் போகலாம். இரண்டுக்கும் போகாமல் இருப்பதற்கும் இதே பிரிவு போதுமானது என்பதை அப்போது ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் தொழிற்படிப்புகளுக்குத் தனியாக நுழைவுத்தேர்வு இருந்தது. 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்துதான் அது கைவிடப்பட்டது. பொறியியலுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று பொதுத்தேர்வு மதிப்பெண்களைச் சுருக்கி, நுழைவுத்தேர்வின் 100ஐ அதனுடன் கூட்டி, 300க்கு ஒரு ‘கட்-ஆஃப்’ தயாரிப்பார்கள். மருத்துவம் என்றால் கணக்கின் இடத்தில் உயிரியல் வந்து உட்காரும். ஒருவன் நன்றாகப் பாடுவான், பொய் சொல்லமாட்டான், திருவிழாவில் காணாமற்போன குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் என்பதெல்லாம் மறைந்துபோய், அவன் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணாகிவிடுவான். அந்த எண் பிறப்பதற்கு முந்தைய பிப்ரவரியில்தான் நான் ஆட்டோகிராப் நோட்டு வாங்கினேன்.

ரோஜா, மஞ்சள், வெளிர்பச்சை என்று வண்ணத்தாள்களைக் கொண்ட அந்த நோட்டில், ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், பிறந்த நாள், பிடித்த நடிகர், மறக்க முடியாத சம்பவம், லட்சியம் என்று நானே தலைப்பிட்டுக் கொடுத்தேன். என் நோட்டில் நானே எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அந்த ஏற்பாட்டின் தனிச்சிறப்பு. எழுதியவர்களின் பெயர்களை இங்கே குறிப்பிடப் போவதில்லை. பலர் இன்று பொறுப்பான பதவிகளில் இருக்கிறார்கள், சிலருடைய மாமனார் வீட்டார் இதைப் படிக்கும் அபாயமும் இருக்கிறது.

முதல் பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியர் மறந்துவிட்ட வீட்டுப்பாடத்தை அவருக்கு நினைவூட்டும் புண்ணியவான் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் இருப்பான். எங்கள் வகுப்பில் அந்தப் பொறுப்பை வகித்தவன் லட்சியப் பகுதியில் ‘மாவட்ட ஆட்சியர்’ என்று எழுதி, கீழே பச்சை மையில் கையெழுத்திட்டு, தேதியும் இடமும் குறித்திருந்தான். அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரிகள் பச்சை மையில் கையெழுத்திடுவார்கள் என்று எங்கோ தெரிந்துகொண்டதிலிருந்து அவன் வீட்டுப்பாட நோட்டிலும் பச்சையில்தான் கையெழுத்திட்டு வந்தான். கணக்காசிரியர் ஒருநாள் அந்தப் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, “கலெக்டரானதும் வந்து வாங்கிக்கொள்” என்றார். மறுநாளே அவன் வேறு பச்சைப் பேனாவுடன் வந்தான். நிர்வாகத் திறன் என்பது இதுதான் என்று நாங்கள் வியந்தோம்.

அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனின் அப்பா அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்தார். இவன் மிகவும் சாது. உன் பேனா எந்த நிறம் என்று கேட்டால்கூட வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பான். நோட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மறுநாள் காலை பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். பெயரும் பிறந்த நாளும் பிடித்த நடிகரும் அவனுடைய கோழிக்கிறுக்கலில் இருந்தன. லட்சியம் என்ற இடத்தில் மட்டும் முத்து முத்தான வேறொரு கையெழுத்தில், ‘எம்.பி.பி.எஸ். (அரசுக் கல்லூரி மட்டும்), இறைவன் அருளால்’ என்று எழுதியிருந்தது. பணவிடைப் படிவம் நிரப்பிப் பழகிய கை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. “அப்பா எழுதினாராடா?” என்று கேட்டதற்கு, “நான்தான் எழுதச் சொன்னேன்” என்றான். அதையும் அப்பாதான் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும்.

பெண்கள் பக்கம் நோட்டைக் கொண்டுசேர்ப்பது தனிக் கதை. ஒரே வகுப்பில் இரண்டு ஆண்டுகள் படித்தும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழக்கம் இல்லாததால், என் அத்தை மகள் வழியாகத்தான் நோட்டு போய்வந்தது. அங்கே ஒருத்தி தன் பக்கத்தை எழுதுவதற்கு முன்பு, அதுவரை எழுதியிருந்த பையன்களின் பக்கங்களையெல்லாம் படித்து, விட்டுப்போன ஒற்றுகளைச் சிவப்பு மையால் போட்டு, மருத்துவராகப் போகிற ஒருவன் ‘இருதய நிபுனர்’ என்று எழுதியிருந்ததை வட்டமிட்டு, பக்கத்தின் ஓரத்தில் மதிப்பெண் குறைத்திருந்தாள். இவள் தமிழாசிரியைதான் ஆவாள் என்று நாங்கள் முடிவு செய்திருந்தபோது, லட்சியப் பகுதியில் அவள் ‘தமிழாசிரியை அல்ல’ என்று மட்டும் எழுதியிருந்தாள். பட்டயக் கணக்காளராகி, இன்று நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்கிறாள். வட்டமிடும் பழக்கம் போகவில்லை என்று கேள்வி.

அந்தப் பிப்ரவரியில் மக்களவைத் தேர்தல் பிரசாரம் ஒலிபெருக்கிகளின் வழியே எங்கள் படிப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. படிக்க முடியாதவன் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்ற கொள்கையுடைய கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் ‘சட்டமன்ற உறுப்பினர்’ என்று எழுதினான். நடப்பது மக்களவைத் தேர்தல் என்று எடுத்துச் சொன்னபோது, டெல்லியில் இந்தி பேச வேண்டியிருக்கும் என்பதால் யோசித்தே முடிவெடுத்ததாகப் பதிலளித்தான்.

பிரிவு உபசார விழாவில் தாவரவியல் ஆசிரியர் இந்த நோட்டை என்னிடமிருந்து வாங்கி, மைக்குக்கு முன் நின்று நிதானமாகப் புரட்டினார். “இந்த வகுப்பில் 21 டாக்டர்கள் இருக்கிறார்கள். சென்ற வாரம் செய்முறைத் தேர்வில் நுண்ணோக்கிக்குக் கீழே இருந்த வேரைத் தண்டு என்று எழுதிய 14 பேரும் இதில் அடக்கம். 19 எஞ்சினியர்கள் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஆண்டுவிழாவுக்கு இவர்கள் கட்டிய பந்தல் தலைமையாசிரியர் தலையில் விழுந்தது” என்றார். தலைமையாசிரியரும் சிரித்துவிட்டதால் நாங்கள் துணிந்து கைதட்டினோம். ஆசிரியர் பக்கத்தைத் திருப்பி, ஓரிடத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். “இது யார்? லட்சியம் என்ற இடத்தில் ‘ஊரிலேயே இருப்பது’ என்று எழுதியிருப்பவன் யார்?” என்றார். கடைக்கோடியிலிருந்து ஒருவன் எழுந்து நின்றான். 46இல் அந்த ஒருவன் அவன்தான். “இதெல்லாம் ஒரு லட்சியமா? அது சும்மா இருந்தாலே நடக்குமே” என்று ஆசிரியர் கேட்க, “அதனால்தான் சார் எழுதினேன்” என்றான் அவன், மிகுந்த பணிவுடன்.

பொதுத்தேர்வு முடிந்ததும் நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிறோம் என்று சொல்லி, தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளில் குழுக்குழுவாகத் தங்கினோம். அதே ஏப்ரலில்தான் ஷார்ஜாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சச்சின் டெண்டுல்கர் 22ஆம் தேதி மணற்புயலுக்கு நடுவே 143 ஓட்டங்களும், தம் பிறந்த நாளான 24ஆம் தேதி இறுதிப் போட்டியில் 134 ஓட்டங்களும் எடுத்தார். இயற்பியலில் எதையெல்லாம் எந்த இரவில் படிக்கவில்லை என்று எங்களில் பலர் இன்றும் தேதியுடன் சொல்வார்கள். மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. ராமேஸ்வரத்தில் பிறந்து திருச்சியில் படித்த அப்துல் கலாமின் படம் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்தது. அந்தக் கோடையிலேயே தேர்வு முடிவும் வந்து சேர்ந்தது. இவ்வளவு நிகழ்ச்சிகளுக்குப் பிறகு பிப்ரவரியில் எழுதிய லட்சியம் அப்படியே இருக்க முடியுமா?

மதிப்பெண் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் வாங்குவதற்காகப் பள்ளிக்குத் திரும்பிய நாளில், வேப்பமரத்தடியில் ஒருவன் என் கையைப் பிடித்து, “அந்த நோட்டு இருக்கிறதாடா? ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டும்” என்றான். வீட்டுக்கு ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து பார்த்தால், அதற்குள் ஒரு வரிசையே நின்றது.

முதலில் வந்தவன் ‘சிவில் எஞ்சினியர்’ என்பதை அடித்துவிட்டு, ‘இந்திய அணியின் தொடக்க ஆட்டக்காரர்’ என்று எழுதினான். எங்கள் வகுப்பு அணியில் அவன்தான் எப்போதும் தொடக்க ஆட்டக்காரன். மட்டை அவனுடையது என்பதால் அந்த விஷயத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. முதல் பந்திலேயே ஆட்டமிழந்தாலும் மட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான் ஆகையால், முதல் பந்து கணக்கில் சேராது என்று எங்கள் ஊரில் தனி விதியே இருந்தது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அந்த விதியை ஏற்காதது அவனுடைய துரதிர்ஷ்டம்.

இரண்டாமவன் ‘இருதய நிபுனர்’. வட்டமிடப்பட்டிருந்த அதையே முற்றாக அடித்துவிட்டு ‘அணு விஞ்ஞானி’ என்று எழுதினான். வேதியியல் செய்முறையில் உப்பைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு, ஆய்வக உதவியாளர் மூக்கைத் தொட்டால் அம்மோனியம், காதைத் தொட்டால் துத்தநாகம் என்று ரகசிய உடன்படிக்கை செய்துகொண்டவன் அவன். தேர்வன்று உதவியாளருக்கு உண்மையாகவே ஜலதோஷம் பிடித்திருந்ததால், அவர் மூக்கைத் துடைத்த ஒவ்வொரு முறையும் இவன் அம்மோனியத்தை அழுத்தமாக அடிக்கோடிட்டான். குழாயில் இருந்தது துத்தநாகம். நாட்டின் பாதுகாப்பைக் கருதி, அவன் பிறகு வணிகக் கப்பலில் வேலைக்குப் போனதை நாங்கள் அனைவரும் வரவேற்றோம்.

அஞ்சலக எழுத்தரின் மகன் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. அவனுக்குப் பதிலாக அவன் அப்பா நின்றார். கையில் கட்-ஆஃப் கணக்கிட்ட தாள், சட்டைப்பையில் பேனா. எம்.பி.பி.எஸ். என்பதை அவர் அடிக்கவில்லை. அதன் கீழே ஒழுங்காக வரிசை எண்ணிட்டு, ‘2. பல் மருத்துவம், 3. கால்நடை மருத்துவம், 4. சித்த மருத்துவம் (பாளையங்கோட்டை), 5. பி.எஸ்ஸி. வேளாண்மை (கோவை)’ என்று எழுதி, சற்று யோசித்து, ‘6. பி.எஸ்ஸி. விலங்கியல் (கும்பகோணம்)’ என்று சேர்த்து, ‘இறைவன் அருளால்’ என்பதற்கு ஓர் அம்புக்குறி போட்டு ஆறுக்கும் பொதுவாக்கினார். கலந்தாய்வில் விருப்ப வரிசையை இவ்வளவு தெளிவாக யாரும் கொடுத்திருக்க முடியாது. இறைவன் அருள் மூன்றாம் எண்ணில் வந்து நின்றது. எங்கள் சாது இன்று கால்நடை மருத்துவராக இருக்கிறான். முட்டவரும் காளையைக்கூட அதட்டி நிறுத்துகிறான் என்று சொல்கிறார்கள். அப்பாவைத் தவிர எல்லாரிடமும் அவனுக்குக் குரல் இருக்கிறது போலும்.

இத்தனை பேரும் வேப்பமரத்தடியில் லட்சியத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஊரிலேயே இருப்பதை லட்சியமாகக் கொண்டவன் வந்து என் காதில், “எல்லாரும் திருத்தி முடித்ததும் கடைக்கு வரச் சொல்” என்றான். பேருந்து நிறுத்தத்தில் அவன் அப்பா அந்த ஆண்டுதான் ஒரு ஜெராக்ஸ் எந்திரம் வாங்கிப் போட்டிருந்தார். எந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தாலும் மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகிய எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, அதிகாரியிடம் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டியிருந்தது. ஒருவன் ஐந்து படிப்புகளுக்கு விண்ணப்பித்தால் ஐந்து மடங்கு. அந்த ஜூன் மாதம் எங்கள் லட்சியங்கள் அனைத்தும் அந்த எந்திரத்தின் பச்சை வெளிச்சத்துக்குக் கீழே போய்வந்தன. “நண்பனுக்குக் குறைத்துக்கொள்ளக் கூடாதாடா?” என்று கிரிக்கெட் வீரன் கேட்டதற்கு, “46 பேரும் நண்பர்கள்டா, யாருக்கென்று குறைப்பேன்?” என்று அவன் சொன்ன பதிலில் குறை கண்டுபிடிக்க எங்களால் முடியவில்லை.

மாவட்ட ஆட்சியர் இப்போது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருக்கிறார். பச்சை மைக்கு இப்போது முழு உரிமை உண்டு. நாளெல்லாம் அதில்தான் கையெழுத்திடுகிறார். ‘இருக்கிறான்’ என்று எழுத எனக்கே கை வரவில்லை. அண்மையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த நோட்டின் சில பக்கங்களைப் படமெடுத்துப் போட்டேன். கப்பல்காரன் உடனே நீக்கச் சொன்னான். சட்டமன்ற உறுப்பினராக விரும்பியவன், எழுதியது தான் அல்ல என்று அறிக்கை விட்டான். தணிக்கையாளர் இன்னும் இரண்டு ஒற்றுப்பிழைகளைக் கண்டுபிடித்துச் சொன்னாள். ஊரிலேயே இருப்பவனோ, இப்போது மூன்று எந்திரங்களும் இணையச் சேவை மையமும் வைத்திருப்பவன், ஒரே ஒரு செய்திதான் அனுப்பினான்: “நகல் வேண்டுவோர் சொல்லவும். கறுப்பு வெள்ளை பக்கம் 2 ரூபாய், வண்ணம் 10 ரூபாய். சான்றொப்பத்துக்குத் தலைமையாசிரியரை அணுகவும்.”