இடிபாட்டின்மேல் ஏறி எழுதிய வசனம்

எருசலேமுக்குக் குழுவாகப் போகிறவர்கள் பழைய ஆலய வளாகத்தில் எஞ்சிய மேற்குச் சுவரில் நெற்றியை வைத்து ஜெபிப்பார்கள், கல்லிடுக்கில் ஒரு சீட்டைச் செருகுவார்கள், பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார்கள். எங்கள் போதகர் ஐயாதான், "தெற்குப் பக்கமும் பார்த்துட்டே போவோம்" என்று பிடிவாதமாக நின்றார்.

அன்று வியாழக்கிழமை. திங்களும் வியாழனும் யூதர்கள் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, வாசிக்கும் நாட்கள் என்பதால், பதின்மூன்று வயதாகி முதன்முறை வாசிக்கும் பையன்களை மேளதாளத்தோடு சுவருக்கு அழைத்து வருகிறார்கள். பையன் ஆண்கள் பக்கம் நின்று வாசிக்கிறான். அம்மாவும் பாட்டியும் அத்தைமாரும் தடுப்புக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி எட்டிப் பார்க்கிறார்கள். வாசித்து முடித்ததும் தடுப்பைத் தாண்டி மிட்டாய்கள் பறக்கின்றன. கூடவே நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம். "நம்மூர்க் குலவையேதான் இது!" என்றார் எங்களோடு வந்த திருநெல்வேலிப் பாட்டி.

சகரியா 8-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. கோல் ஊன்றிய கிழவர்களும் கிழவிகளும் எருசலேமின் வீதிகளில் உட்கார்ந்திருப்பார்கள், விளையாடும் பிள்ளைகளால் வீதிகள் நிறைந்திருக்கும் என்கிறார் தீர்க்கதரிசி. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் ஆலயத்தைக் கட்டி முடிக்காத காலம், ஏறக்குறைய கி.மு. 518. படை, பொன், வெற்றி ஊர்வலம் எதுவும் அந்தக் காட்சியில் இல்லை. புலம்பலின் 2-ஆம் அதிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பசியில் பிள்ளைகள் மயங்கி விழுந்ததும், முதியவர்கள் தரையில் கிடந்ததும் இதே வீதிகளில்தான். எங்கே விழுந்தார்களோ அங்கேயே உட்காரவும் விளையாடவும் வைக்கிறார் கர்த்தர்.

தெற்கே தொல்லியல் பூங்காவுக்குத் தனி டிக்கெட். உள்ளே ஏரோது காலத்துக் கல் பாவிய தெரு. கி.பி. 70-ல் ஆலயத்தை அழித்த ரோமர்கள் மதில்மேலிருந்து தள்ளிய கற்கள் விழுந்த இடத்திலேயே குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை. அவை விழுந்த வேகத்தில் தளக்கற்கள் குழிந்து உடைந்திருப்பதைக் குனிந்து கையால் தடவிப் பார்த்தேன்.

நிமிர்ந்தால் ராபின்சன் வளைவு, ஆலய மதிலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வளைவின் மிச்சம். அதன் கீழே, தெருவுக்கு வெகு உயரத்தில், சுவர்க் கல்லில் சில எபிரெய எழுத்துகள். ஏசாயா 66:14. "நீங்கள் அதைக் காணும்போது, உங்கள் இருதயம் மகிழ்ந்து, உங்கள் எலும்புகள் பசும்புல்லைப்போல் செழிக்கும்" என்ற வசனத்தின் வரி. 1968-ல் தொல்லியலாளர் பெஞ்சமின் மசார் தொடங்கிய அகழாய்வில் வெளிப்பட்டது. ஆலயத்தைத் திரும்பக் கட்ட 363-ல் அனுமதித்த ஜூலியன் பேரரசனின் காலத்தது என்றார் மசார். பிந்தைய காலம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அதைவிட அந்த உயரம்தான் பெரிதாகப் பட்டது. தெரு இடிபாட்டில் புதைந்து கிடந்த காலத்தில், அந்தக் குவியலின்மேல் நின்றுதான் ஒருவன் உளி பிடித்திருக்கிறான்.

நம் சபைகளில் புதுவருஷ ஆராதனையில் இப்படிப்பட்ட வசனங்கள் வாக்குத்தத்த அட்டையில் பூப்படத்தோடு வருகின்றன. நானும் வாங்கி பைபிளுக்குள் வைப்பவள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அட்டையில் இடிபாடு தெரிவதில்லை. மணவாளனின் சத்தமும் மணவாட்டியின் சத்தமும் திரும்பக் கேட்கும் என்று எரேமியா 33-ல் வருகிறதே, அந்த வார்த்தை வந்தபோது தீர்க்கதரிசி காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருந்தார். நகரம் முற்றுகையில் இருந்தது.

போதகர் ஐயா பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. எஸ்றா 3-ஐ மட்டும் வாசித்தார். இரண்டாம் ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்ட அன்று, முந்தின ஆலயத்தைப் பார்த்திருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுதார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள், எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று யாராலும் பிரித்தறிய முடியவில்லை.

பிறகு தெற்குப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கை ஒட்டி சில்வான் வீடுகள் நெருக்கமாகத் தெரிகின்றன. அங்கே வசிக்கும் பாலஸ்தீனக் குடும்பங்களைப் பற்றி ஐயா சுருக்கமாகச் சொன்னார். திருநெல்வேலிப் பாட்டிதான் ஜெபித்தார்: "கர்த்தாவே, மிட்டாய் எறிஞ்ச வீட்டுப் பிள்ளைகளும் விளையாடணும், அந்தா கீழே இருக்கிற வீட்டுப் பிள்ளைகளும் விளையாடணும்." எல்லோரும் ஆமென் சொன்னோம்.