பேரிங்தான் முக்கியம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. ரெக்கார்டு போட்டுக் கேட்கும் பழைய டர்ன்டேபிள் ஒன்றின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தட்டைக் கையால் மெல்லச் சுற்றிவிட்டார் கடைக்காரர்.

சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் டீயைக் குடித்து முடித்தார். தட்டு இன்னும் நிற்கவில்லை. சின்ன உரசல் சத்தம்கூட இல்லை.

"பேரிங் நல்லா இருக்குங்க. மத்ததெல்லாம் மாத்திக்கலாம்." பேரிங் என்றால் தட்டைத் தாங்கிச் சுழலவிடும் அச்சுப் பகுதி. டர்ன்டேபிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஊசி தேயும், பெல்ட் தளரும். தேயத்தான் அவை. வருஷங்கள் கழித்தும் மாற்று கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

பெல்ட்டே வேண்டாம் என்றால் டைரக்ட் டிரைவ்: மோட்டாரே தட்டை நேரடியாகச் சுற்றும். அந்த வகையில் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 வந்தது 1972இல். 2010இல் நிறுத்தினார்கள், 2016இல் மறுபடி கொண்டுவந்தார்கள். நடுவில் பழைய செட்டுகள் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. இதைவிடப் பெரிய விளம்பரம் என்ன இருக்கிறது?

பெட்டிபோல மூடித் தூக்கிப் போகும் சூட்கேஸ் மாடல் பக்கம் மட்டும் போகாதீர்கள். பெரும்பாலானவற்றில் ஊசியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியே கிடையாது. ரெக்கார்டுதான் பாவம்.

அப்புறம், ஏற்காட்டில் வீடு இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று: அங்கே ஈரத்துக்கு ரெக்கார்டு உறைக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். டர்ன்டேபிளுக்கு எடுத்து வைத்த காசில் கொஞ்சம் நல்ல அலமாரிக்கும் ஒதுக்குங்கள்.