மூங்கில் முதுகு, ஆச்சா வயிறு

டிசம்பர் 6, ஏற்காடு

வில்லுக்கான மூங்கில் பட்டையின் உள்பக்கத்தை இழைத்தாயிற்று. நடுவில் 3 மில்லிமீட்டர், முனைகளில் 2. வெளிப்பக்கம், அதாவது வில்லின் முதுகு, அப்படியே இருக்கிறது. தோலை ஒட்டித்தான் நார் நெருக்கமாக ஓடும், வில்லை இழுக்கும்போது தாங்கப்போவதும் அதுதான். கணுக்களின் மேட்டை மட்டும் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். மேலிருந்து மூன்றாவது கணு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

டிசம்பர் 7

மாற்றல் ஆர்டர் வரவில்லை.

டிசம்பர் 9

சேலம் போய் வந்தேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய மரம் விற்பவரிடம் வில்லின் வயிற்றுக்கு, அதாவது இழுப்பவனைப் பார்த்த பக்கத்துக்கு, ஆச்சா மரத்து உத்திரத்தில் ஒரு துண்டு கிடைத்தது. தண்ணீரில் போட்டால் மூழ்குகிற சாதி. அறுத்துக் கொடுத்தவர், "ரம்பப் பல்லு போச்சுன்னா நீங்கதான் சார் தரணும்" என்று சொல்லிக் கூலியில் ஏற்றிக்கொண்டார். எதற்கு என்று கேட்டார். வில் என்றேன். "கொல்லிமலை ஓரி விழா ஆடியிலேயே முடிஞ்சுபோச்சே?" இந்தப் பக்கத்தில் வில் என்றால் ஓரியைத் தவிர யாருக்கும் வேறு நினைப்பே வராது.

இங்கே காப்பித் தோட்டத்துக்குத் தோட்டம் சில்வர் ஓக் நிற்கிறது, சும்மாவே தருவார்கள். ஆனால் மூங்கிலின் இழுவைக்கு அது ஈடுகொடுக்காது. வயிற்றுப் பக்கம் நசுங்கிக் குறுக்கே மெல்லிய மடிப்பு விழும். அப்புறம் அது விறகுதான்.

டிசம்பர் 12

ஒட்டினேன். ஆச்சாவில் பிசின் உண்டு, அதனால் தின்னரால் துடைத்த பிறகுதான் பசை. மெதுவாக இறுகுகிற அரால்டைட், பாதிக்குப் பாதி. முனைகள் இரண்டையும் முதுகுப் பக்கம் 2 அங்குலம் தூக்கி வைத்து, சைக்கிள் டியூபைக் கீறி முழு நீளத்துக்கும் சுற்றினேன். இரும்புக் கிளாம்ப் போட்டு முறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும், ஒட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. ராத்திரிக் குளிருக்கு இந்தப் பசை சீக்கிரம் இறுகாது. நீள அட்டைப்பெட்டி செய்து உள்ளே குண்டு பல்பு எரியவிட்டிருக்கிறேன்.

டிசம்பர் 14

டியூபைப் பிரித்தேன். பசைக்கோடு முடி அளவுக்கு, எங்கும் இடைவெளி இல்லை. எடை 868 கிராம், ஏறினால் மரம் ஈரம் குடிக்கிறது என்று அர்த்தம். "மாவு அளக்கிற தராசுங்க அது" என்றாள் மனைவி. துடைத்து வைத்தேன்.

டிசம்பர் 15

871.

டிசம்பர் 17

874. நாள் முழுக்க மூடுபனி. துணி காயவில்லை.

டிசம்பர் 18

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரம் சுமார் 12 சதவீத ஈரத்தில் நிற்கும். 85 ஆனால் மரத்தில் 18 வரை ஏறும். வரவேற்பறையில் மாட்டிய ஈரமானி இன்று 86 காட்டியது. ஈர மரத்தை வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். தூக்கி ஒட்டிய 2 அங்குலமும் போய், நாணைக் கழற்றினாலும் கூனிக்கொண்டுதான் இருக்கும். இங்கேயே சீவி வில்லின் இழுவையை 40 பவுண்டுக்குக் கொண்டுவந்தேன் என்று வையுங்கள், கீழே சேலத்துக்குப் போய்க் காய்ந்தால் விறைப்பு ஏறும். வில்லின் இரண்டு கையும், பிடிக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, ஒரே அளவில் ஏறும் என்று யார் சொன்னது? ஆகவே காத்திருக்க வேண்டும். காத்திருப்பது என்றால் எதற்கு? ஆர்டர் வந்தால்தானே கீழே போவது. வராவிட்டால் பிப்ரவரி வரை இந்தப் பனிக்குள்தான்.

அவள் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலாவது பதில் சொல்லலாம். அந்த மூன்றாவது கணுவில் நார் குறுக்கே அறுபட்டிருக்குமோ? டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

டிசம்பர் 19

875.

டிசம்பர் 22

வந்துவிட்டது! ஜனவரி 2க்குள் சேர வேண்டும்.

டிசம்பர் 26

பாத்திரம், புத்தகம், பாத்திரம். தராசை எந்தப் பெட்டியில் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 30, சேலம்

வில்லை லாரியில் ஏற்றவில்லை. தார்ப்பாய்க்குள் வெயில் ஏறினால் இந்தப் பசை இளகும். காரில் குறுக்காக வைத்து, ஒரு முனை சின்னவன் மடியில். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதிலேயே வாந்தி எடுத்துவிட்டான். வில்மேல் படவில்லை. (இதை நான் முதலில் பார்த்ததற்குத்தான் இன்னும் திட்டு.)

ஜனவரி 1

அஸ்தம்பட்டி வீடு. தராசு அகப்பட்டது, பூஜைச் சாமான் பெட்டியில். 870.

ஜனவரி 4

863. மின்விசிறிக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறேன்.

ஜனவரி 7

புது ஆபீசில் யாரும் பேசுவதில்லை. 859.

ஜனவரி 9

858.

ஜனவரி 10

858. நின்றுவிட்டது!

ஜனவரி 11

தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தேன். கீழ்க் கை நன்றாக வளைகிறது. மேல் கை மூன்றாவது கணுவுக்கு மேலே கட்டையாக நிற்கிறது. முதுகில் கை வைக்கக் கூடாது, வயிற்றில்தான் சீவ வேண்டும். மர அரத்தால் பத்து இழுப்பு, அழுத்திப் பார்ப்பது, மறுபடி அரம். ஆச்சாத் தூள் மூக்கில் எரிகிறது.

ஜனவரி 12

சுவரில் சட்டம் அடித்து, தொய்வான நீளக் கயிறு மாட்டி 10 அங்குலம் வரை இழுத்தேன். சத்தம் இல்லை. மேல் கை இன்னும் கொஞ்சம் விறைப்பு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க நாளைக்கு ஆள் வருகிறாராம், சட்டத்தைக் கழற்றச் சொல்கிறாள்.