6000 என்று வாங்கிய ராம் 4800-இல் நின்றபோது

புதிதாக வாங்கிய ராமின் (வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் தரவை வைத்துக்கொள்ளும் மெமரி) பெட்டியில், அதன் வேகம் 6000 என்று பெரிதாகப் போட்டிருந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் மெமரியைத் தட்டினால் 4800 என்று வந்தது. மதுரையில் நாங்கள் நடத்தும் கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்குப் புதிதாகச் சேர்த்த மெஷின் இது. ஏஎம்டியின் ரைசன் 5 7600 ப்ராசசர், பி650 சிப்செட் போர்டு, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு சேர்ந்த டிடிஆர்5 வகை ராம் ஜோடி. லேபிளில் இருப்பது 6000, சிஎல்30 (கேட்ட தரவு வரத் தொடங்க எத்தனை கடிகாரத் துடிப்பு ஆகும் என்ற எண்), 1.35 வோல்ட். அந்த 6000-ஐ எட்டி, அதை நம்பலாம் என்ற நிலைக்கு வரும்வரை செய்ததையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். இதே இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவிப்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

எங்களிடம் எடிட்டிங் பார்க்கும் தம்பி, ப்ராசசர், மெமரி விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது 2400-லதான் ஓடுதுண்ணே, பாதிகூட இல்ல" என்று பதறினான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. டிடிஆர் மெமரி ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்புகிறது. சிபியு-இசட் காட்டுவது துடிப்பின் எண்ணிக்கை; பெட்டியில் போட்டிருப்பது தரவு போகும் வேகம். 2400-ஐ இரண்டால் பெருக்கினால் 4800. ஆகவே 6000 ஓடும்போது அங்கே 3000 தெரிய வேண்டும்.

சரி, 4800 எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்ற சின்ன சிப் இருக்கிறது. அந்த ஸ்டிக் எந்த வேகத்தில், எந்த வோல்டேஜில், எந்தக் கால அளவுகளில் ஓடலாம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். ஜெடெக் என்ற, மெமரிக்குத் தரம் வகுக்கும் அமைப்பு சொல்லும் அளவுகளும் அதில் உண்டு, தயாரிப்பாளர் தனியாகச் சோதித்து எழுதிய வேக அளவும் உண்டு. போர்டு முதல் தடவை எழும்போது ஜெடெக் அளவைத்தான் எடுத்துக்கொள்ளும். எங்கள் ஸ்டிக்கில் அது 4800, 1.1 வோல்ட். பெட்டியில் இருக்கும் 6000 இரண்டாவது வகை. ஏஎம்டி பக்கம் இதற்கு எக்ஸ்போ என்று பெயர், 2022-இல் ரைசன் 7000 வரிசையோடு வந்தது. இன்டெலின் எக்ஸ்எம்பி அதற்கும் முந்தியது, டிடிஆர்3 காலத்திலிருந்தே இருக்கிறது. இரண்டையும் நாமே பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும், போர்டின் சொந்த மென்பொருள்) போய் ஆன் செய்தால்தான் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரைசன் 5 7600-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் மெமரி வேகம் 5200 வரைதான். 6000 என்பது அவர்கள் கணக்கில் ஓவர்கிளாக்கிங், அதாவது அறிவித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. ராம் கம்பெனி கொடுக்கும் உறுதி ராமுக்கு மட்டுமே பொருந்தும். அந்த வேகத்தை ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும், போர்டில் ஓடும் தடங்களும் தாங்க வேண்டும். மூன்று பேரில் ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பெட்டியில் இருக்கும் எண் திரையில் வராது. இதை மனதில் வைத்துக்கொண்டால், அடுத்து எங்கே கைவைப்பது என்பது தெளிவாகும். சில மெஷின்களில் தேடுவதற்கே எதுவும் இருக்காது. எச்410 போர்டில் ஐ5-10400 போட்டிருப்பவர் 3200 ராம் வாங்கினாலும் 2666-ஐத் தாண்டாது. அந்த போர்டு மெமரி ஓவர்கிளாக்கிங்கை அனுமதிப்பதில்லை, பயாஸில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் மாறப்போவதில்லை.

எங்கள் போர்டில் எக்ஸ்போ இருந்தது. ஆன் செய்து, சேவ் செய்து வெளியே வந்தேன். திரை இருண்டது. போர்டின் ஓரத்தில் டிராம் (DRAM, அதாவது மெமரி) என்று எழுதியிருக்கும் இடத்தில் சின்ன விளக்கு எரிய ஆரம்பித்தது. டிடிஆர்5-க்குப் புதிதாக வருகிறவர்கள் பயந்து பவரை அணைப்பது இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து அணைக்காதீர்கள். போர்டு அப்போது மெமரி டிரெய்னிங் செய்துகொண்டிருக்கிறது. ப்ராசசருக்கும் ராமுக்கும் இடையே உள்ள ஒவ்வொரு தடத்திலும் சோதனைத் தரவை அனுப்பி, எந்த நொடித்துளியில் படித்தால் சரியாக வருகிறது என்று அளந்து, அதற்கேற்ப நேரத்தையும் வோல்டேஜையும் திருத்திக்கொள்கிறது. வேகம் கூடக்கூட இந்த அளவு நுணுக்கமாக வேண்டியிருக்கிறது. கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம்கூட ஆகலாம்.

காத்திருந்தேன். போர்டு தானாக அணைந்து எழுந்தது, மறுபடியும் அணைந்து எழுந்தது. கடைசியில், மெமரி அமைப்பு தோல்வி, பழைய நிலைக்குத் திரும்பிவிட்டேன் என்கிற பொருளில் ஒரு செய்தி வந்து, மீண்டும் 4800. (சில போர்டுகள் இப்படித் தானாகத் திரும்பாது. அப்போது பவர் வயரைக் கழற்றிவிட்டு, போர்டில் கிளியர் சிமாஸ் என்றிருக்கும் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் சில விநாடி இணைத்துப் பிடிக்க வேண்டும். அந்த முனைகள் இல்லாவிட்டால் வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டலாம்.)

கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கு ஸ்லாட்டில், ப்ராசசர் பக்கமிருந்து ஒன்றாவதிலும் மூன்றாவதிலும் ஸ்டிக் மாட்டியிருந்தது. அசெம்பிள் செய்து கொடுத்தவருக்கு போன் போட்டேன்.

"எதுல போட்டா என்ன தம்பி, டூயல் சேனல்தானே ஓடுது?"

"ஓடுதுண்ணே. ஆனா போர்டு புக்குல ரெண்டாவதும் நாலாவதும்னு போட்டிருக்கு."

"மாத்தித்தான் பாருங்களேன்."

டூயல் சேனல் (ராமுக்கும் ப்ராசசருக்கும் இடையே இரண்டு பாதைகள் ஒரே நேரத்தில் வேலை செய்வது) விஷயத்தில் அவர் சொன்னது சரி. விஷயம் வேறு. இப்போது வரும் நான்கு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும், ஒரு சேனலின் தடம் ப்ராசசரிலிருந்து கிளம்பி முதல் ஸ்லாட்டைத் தொட்டு, இரண்டாவது ஸ்லாட்டில் போய் முடிகிறது. ஸ்டிக் முதல் ஸ்லாட்டில் இருந்தால், அதைத் தாண்டியுள்ள தடம் முனையில் ஒன்றுமில்லாமல் தொங்கும். முட்டுச்சந்தில் கத்தினால் குரல் திரும்பி வருவதுபோல, சிக்னல் அந்த வெறும் முனையில் மோதித் திரும்பி வந்து அடுத்த சிக்னலோடு கலக்கிறது. 4800-இல் இதைச் சமாளித்துவிடும். 6000-இல் ஒவ்வொரு சிக்னலுக்கும் கிடைக்கும் நேரம் அதைவிடக் குறைவு. இதற்காகத்தான் போர்டு புத்தகத்தில் ஏ2, பி2 என்று, அதாவது இரண்டாவது, நான்காவது ஸ்லாட் என்று, குறிப்பிட்டுக் கொடுக்கிறார்கள்.

பவரை அணைத்து, வயரைக் கழற்றி, இரண்டு ஸ்டிக்கையும் ஏ2, பி2-வுக்கு மாற்றினேன். ஸ்டிக்கை இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலால் ஒரே சீராக அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே கிளிப் உள்ள ஸ்லாட் என்றால் கிளிப் இல்லாத முனையையும் 'டக்' என்று உட்காரும்வரை அழுத்திப் பார்க்க வேண்டும், அது தெரியாமலேயே கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். மறுபடி எக்ஸ்போ, மறுபடி இருட்டுத் திரை. இந்த முறை விண்டோஸ் வந்தது. டாஸ்க் மேனேஜரில் 6000.

பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த எண் தெரிகிறது என்றால் போர்டு அந்த வேகத்தை ஏற்றுக்கொண்டது என்று மட்டுமே அர்த்தம். பிழையில்லாமல் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. கேமரா கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு ஒரு ஃபைல் போனாலும் அது ராம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் மாறினால் கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. ஃபைல் போய்ச் சேர்ந்துவிடும், கார்டையும் அழித்துவிடுவோம். தாலி கட்டும் காட்சியைத் திரும்ப எடுக்க முடியாது. டிடிஆர்5-இல்தான் ஈசிசி (பிட் பிழைகளைத் தானாகத் திருத்தும் வசதி) இருக்கிறதே என்று சிலர் சொல்வதுண்டு. அது சிப்புக்குள்ளேயே இருக்கும் திருத்தம். சிப்பிலிருந்து ப்ராசசருக்கு வரும் வழியில் கெட்டுப்போவதை அது காப்பாற்றாது. வேகம் கூட்டும்போது முதலில் ஆட்டம் காண்பதே அந்த வழிதான்.

ராமில் பிழை வருகிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இரவில் ஓடவிட்டேன். இலவசப் பதிப்பில் நான்கு சுற்று வரை ஓடும். காலையில் வந்து பார்த்தால் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் இதில் ஒன்றுகூட வரக்கூடாது.

குற்றம் யாருடையது என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. 4800-இல் இரண்டு ஸ்டிக்கையும் போட்டு ஓடவிட்டேன், சுத்தம். அப்புறம் 6000-இல் ஒரு ஸ்டிக்கை மட்டும் ஏ2-வில் போட்டேன், சுத்தம். அதைக் கழற்றிவிட்டு அதே ஸ்லாட்டில் மற்றதைப் போட்டேன், அதுவும் சுத்தம். தனித்தனியாக ஓடுகிறது, சேர்ந்தால் பிழை வருகிறது. அப்படியென்றால் சந்தேகம் ராமைவிட்டு போர்டு, கன்ட்ரோலர் பக்கம் திரும்புகிறது. ஒரே ஸ்டிக்கில் மட்டும் பிழை வந்திருந்தால் அன்றே வாரன்டிக்கு அனுப்பியிருப்பேன், அதுவும் ஜோடியாக. ஒன்றை மட்டும் மாற்றி வாங்கினால் உள்ளே வேறு கம்பெனி சிப் இருக்க வாய்ப்புண்டு.

போர்டில் இருந்தது பழைய பயாஸ். வோல்டேஜில் கைவைப்பதற்கு முன்னால் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். இந்த வரிசை ப்ராசசர்களில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2023-இல் சில ரைசன் 7000 ப்ராசசர்கள் கருகிய செய்திகள் வந்தபோது, எஸ்ஓசி வோல்டேஜ் (ப்ராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) 1.3-ஐத் தாண்டாதபடி ஏஎம்டி புதிய பயாஸ் வழியாகக் கட்டுப்பாடு போட்டது. மெமரி டிரெய்னிங் முறையும் இந்தப் புதுப்பிப்புகளில் திருந்திக்கொண்டே வந்திருக்கிறது. பென்டிரைவை எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்து ஃபைலைப் போட்டு, யுபிஎஸ்ஸில் மெஷினை மாட்டிவிட்டு அப்டேட் செய்தேன். பாதியில் கரன்ட் போனால் போர்டே எழாமல் போகலாம், யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். அப்டேட் முடிந்ததும் எக்ஸ்போ ஆஃப் ஆகியிருக்கும், மறுபடி ஆன் செய்ய வேண்டும். இந்த முறை மெம்டெஸ்ட்86 நான்கு சுற்றும் சுத்தமாக முடிந்தது.

விண்டோஸுக்குள் ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளைப் போட்டு ஓட்டியபோது மதியத்தில் மட்டும் மறுபடி பிழை வந்தது. சித்திரை மாதம், ஏசி இல்லாத அறை, கூடவே ரெண்டரிங். டிடிஆர்5 ஸ்டிக்கில் வெப்பமானி உள்ளேயே இருக்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் அந்த எண்ணைப் பார்க்கலாம். இரவில் ஐம்பது டிகிரிக்குக் கீழே இருந்தது, கிராஃபிக்ஸ் கார்டு சூடான காற்றை மேலே தள்ளும் மதியத்தில் அறுபதைத் தாண்டியிருந்தது. ராமில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். வெப்பம் ஏறினால் அது சீக்கிரம் கசியும், அதனால்தான் அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. 1.1 வோல்ட்டில் ஓடும்போது இருக்கும் தாராளம் 1.35 வோல்ட்டில், இறுக்கிய கால அளவுகளோடு ஓடும்போது கிடையாது. டிடிஆர்5-இல் வோல்டேஜைப் பிரித்துக் கொடுக்கும் பிஎம்ஐசி சிப்பும் ஸ்டிக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, அதுவும் சூடாகும். கேபினெட்டின் முன்பக்கத்தில் இன்னொரு ஃபேன் போட்டு, வயர்களை ஒதுக்கி, காற்று ராம் மேல் படும்படி செய்தேன். மதியச் சோதனையும் பிழையில்லாமல் முடிந்தது. நம் ஊர் வெயிலில், இரவில் மட்டும் சோதித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

ஃபேனுக்குப் பிறகும் பிழை வந்திருந்தால் தயங்காமல் 5600-க்கு இறக்கியிருப்பேன். கணக்குப் போட்டால் தெரியும். 4800, சிஎல்40 என்றால் தரவு வரத் தொடங்க சுமார் 16.7 நானோ விநாடி; 6000, சிஎல்30 என்றால் 10. சிஎல்30-ஐ அப்படியே வைத்து 5600-க்கு இறக்கினால் 10.7. பெரிய பாய்ச்சல் 4800-இலிருந்து வெளியே வருவதில்தான் இருக்கிறது. கடைசி 400-க்காக ஃபைல்களைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

எல்லாம் நிலைத்த பிறகுதான் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்பதை ஆன் செய்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாக டிரெய்னிங் செய்யாமல் பழைய அளவுகளையே எடுத்துக்கொள்வதால் பூட் ஆகும் நேரம் நன்றாகக் குறையும். அதோடு பவர் டவுன் என்ற அமைப்பையும் ஆனில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சில மெஷின்கள் தடுமாறுகின்றன. ஆன் செய்த பிறகு இன்னொரு முறை மெம்டெஸ்ட்86 ஓட்டிப் பார்த்தேன்.

இப்போது எடிட்டிங் தம்பி, மீதி இரண்டு ஸ்லாட்டிலும் இதே ஜோடியை வாங்கிப் போட்டு 64 ஜிபி ஆக்கலாமா என்று கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இந்த ப்ராசசருக்கு நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி சொல்லும் வேகம் 3600. சிலருக்கு அதைவிட மேலே ஓடுகிறது, ஆனால் அதை நம்பிப் பணம் போட முடியாது. 64 தேவைப்படும்போது இந்த ஜோடியைப் பழைய மெஷின் வைத்திருக்கும் யாருக்காவது விற்காமல், டிடிஆர்5 போர்டு வைத்திருப்பவராகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, 32 ஜிபி ஸ்டிக் இரண்டு உள்ள ஜோடியாக, போர்டு கம்பெனி சோதித்த பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதாக இருக்கிறோம்.